பம்பை நிறுத்திவிட்டேன்

என் மகள் என்னோடு பேசுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் சன்னலோரம் இருந்த கடல்தண்ணீர்த் தொட்டி. மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், நாலைந்து நத்தைகள், அடுத்தவர் ஓட்டில் குடியிருக்கும் நண்டு ஒன்று, பாறையில் ஒட்டி வளர்ந்த காளான் பவளங்கள். இவை உயிரோடு இருக்கும்வரை அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குச் செய்தி அனுப்புவாள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு அது.

தொட்டியை வைத்தது நானில்லை. மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து வைத்தார்கள். நான் கேலி செய்தேன். "கடல வீட்டுக்குள்ள கொண்டாந்து என்னம்மா பண்ணப் போற, கருவாடு போடவா?" என்றேன். "உங்களுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டு. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்ததுகூட இல்லை.

பெரிய கருவிகள் எதையும் வாங்கித்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் அவள் ஏழை வீட்டுக் கடலாகவே அதை உண்டாக்கினாள். விலை உயர்ந்த விளக்கு கிடையாது, நுரை வடிக்கும் குழாய் கிடையாது, குளிரூட்டி கிடையாது. காலை வெயில் ஒன்றரை மணி நேரம் சன்னல் வழியே விழும். அதுதான் விளக்கு. பாறையும் மணலும்தான் வடிகட்டி, அவற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கழிவையெல்லாம் தின்றுவிடும் என்பாள். தண்ணீர் அசைய ஒரு காற்றுப் பம்பு. உள்ளங்கை அளவுப் பெட்டி, தரையில் உட்கார்ந்து உர்ரென்று உறுமிக்கொண்டே அறையின் காற்றை இழுத்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழாக விடும். தண்ணீருக்கு மாதம் ஒருமுறை டெசாரு கடற்கரைப் பக்கம் போய், பிளாஸ்டிக் பீப்பாய்களான எண்ணெய்த் தோம்புகளைக் கழுவி, அவற்றில் மொண்டு வருவார்கள். போலீஸ்காரன் நிறுத்தி, தோம்பைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அனுப்பிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை.

பிறகு ஆலையில் ஷட்டவுன் வந்தது. எந்திரங்களையெல்லாம் நிறுத்திப் பிரித்துப் பழுது பார்க்கும் காலம். அப்போது யாருக்கும் லீவு கிடையாது. ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிடக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு தொலைபேசி இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் அந்த எண்ணை வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. வீட்டு விஷயம் வேலைக்கு வரக்கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. என் மனைவி குளியலறையில் விழுந்த அன்று காலையிலிருந்து மாலை வரை மகள் என் கைப்பேசியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மருத்துவமனைக்குப் போனபோது எல்லாம் முடிந்து, முகத்தை மூடியிருந்தார்கள்.

"கூப்ட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். சத்தம் போட்டிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை என்று போய்விட்டாள். இங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். தினம் ஆயிரக்கணக்கான பேர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். அவள் திரும்பவில்லை. தொட்டியை எடுத்துப் போக முடியாது என்பதால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து முதல் செய்தி வந்தது. "டேங்கு எப்படி இருக்கு?" அப்பா எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? உடனே படம் எடுத்து அனுப்பினேன். படம் மங்கலாக வந்தது. "கண்ணாடிய தொடச்சிட்டு எடுங்க" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அந்தப் பதிலைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அப்படித்தான் ஐம்பத்தாறு வயதில் மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டேன். தொட்டியில் தண்ணீர் வற்றினால் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கடல்தண்ணீர்த் தொட்டிதானே என்று வற்றிய அளவுக்கு, அவள் தோம்புகளில் நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்த கடல்தண்ணீரையே ஊற்றி வைத்தேன். நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டு கீழே விழுந்தன. "அப்பா! உப்புக் கூடிப் போச்சி. நல்ல தண்ணிதான் ஊத்தணும். பைப்புத் தண்ணி வேணாம், கொளோரின் இருக்கும்" என்று எழுதினாள். அன்றிலிருந்து கடைவரிசையில் காசு போட்டால் வடிகட்டிய தண்ணீர் வரும் எந்திரத்துக்குப் போத்தல்களோடு நடையாய் நடந்தேன். கண்ணாடியில் நகப்பாலிஷால் அவள் போட்டிருந்த கோட்டுக்குச் சரியாக ஊற்றுவேன். வெயில் காலத்தில் மேசை விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்த்து வடிந்துகொண்டு கிடப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படம், உப்பின் அளவு, தண்ணீரின் சூடு. ஆலையில் முப்பது வருடம் மணிக்கொரு தரம் அளவு எடுத்து எழுதியவன் நான், இது எனக்குப் புதிதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் அவள் "ஓகே" என்று முடித்துவிடுவாள். அதனால் வேண்டுமென்றே சந்தேகம் கேட்பேன். இந்தப் பச்சைப் பாசி நல்லதா கெட்டதா, இறால் தோலுரித்துப் போட்டிருக்கிறதே செத்துவிட்டதா, எல்லாம் தெரிந்துகொண்டே கேட்பேன். நாலு வரி பதில் வரும். ஒருமுறை நண்டு தன் ஓட்டை விட்டுவிட்டு, நான் தவறுதலாகப் போட்ட போத்தல் மூடிக்குள் புகுந்துகொள்ளப் பார்த்தது. படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. நான் சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

அப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. அப்புறம் நாங்கள் குடியிருக்கும் தாமானில், வீட்டு வரிசையில், டிங்கி வந்தது. மூன்று வீட்டில் காய்ச்சல். மறுநாள் மாலை ஆறரைக்குக் கொசுப்புகை அடிக்க வருகிறார்கள், எல்லாரும் கதவு சன்னலைத் திறந்து வையுங்கள் என்று அறிவிப்பு வந்தது. எனக்கு மறுநாள் பகல் ஷிப்ட்டு, ஏழு மணிக்குத்தான் முடியும். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். புகை மீனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதையாவது நானே செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

விடியற்காலையில் எழுந்து தொட்டிமேல் பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டேன். நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். அதற்குமேல் போர்வை. ஆலையில் குழாய் இணைப்பை அடைப்பதுபோல ஒரு துளி இடைவெளி விடாமல் அடைத்தேன். இவ்வளவு இறுக்கி மூடினால் மீன் மூச்சுக்கு என்ன செய்யும் என்று யோசித்து, பம்பை மட்டும் ஓடவிட்டேன். பம்பு வெளியே, தரையில், எப்போதும் இருக்கும் இடத்தில். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுவதுதான் அந்தப் பம்பின் வேலை. அறை முழுக்கப் புகை நிறைந்தால் அது புகையைத்தான் இழுக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருடம் ஆலையில் பம்புகளோடு மாரடித்தவனுக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வெளியே வந்து பெட்டியைத் திறந்தேன். கைப்பேசியில் மகளின் அழைப்புகள் வரிசையாக. தாமான் வாட்ஸாப் குழுவிலிருந்து அவள் இன்னும் விலகவில்லை, புகையடிக்கும் செய்தியை அங்கே பார்த்திருக்கிறாள். "அப்பா ஃபோன எடுங்க." "அப்பா, பம்ப ஆஃப் பண்ணிட்டுத்தான் மூடணும்." "பம்ப ஆஃப் பண்ணீங்களா? உடனே சொல்லுங்க." கடைசிச் செய்தி வந்து ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஆலைப் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்தேன். மறுபடியும் அதே பெட்டி, மறுபடியும் எடுக்காத அழைப்பு. இல்லைம்மா, பம்பு ஓடுது, உன் மெசேஜ இப்பத்தான் பார்த்தேன் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. இன்னொரு தரம் அவளிடமிருந்து அந்த "கூப்ட்டேன்" வரும் என்று நினைத்தபோது கைவிரல்கள் தாமாகவே வேறொன்றை எழுதின. "பம்ப ஆஃப் பண்ணிட்டேன்மா. கவலப்படாத." உடனே நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து "ஓகே" வந்தது.

வீட்டில் மண்ணெண்ணெய் வாடை. பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "நீங்க கட்டி வச்சது வச்ச மாதிரியே இருக்கு அண்ணே, நான் கிட்டயே போகல" என்றார். டேப்பைப் பிய்த்துப் போர்வையை விலக்கினேன். பம்பு உர்ரென்று உண்மையாய் உழைத்துக்கொண்டிருந்தது. இறால் மல்லாந்து கிடந்தது. நண்டு ஓட்டைவிட்டு வெளியே வந்து செத்திருந்தது. ஒரு மீன் செத்து மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பக்கவாட்டில் சுழன்று சுழன்று நீந்தியது. அவள் விட்டுப்போனதில் மிச்சமிருந்த ஒரு தோம்புக் கடல்தண்ணீரை மாற்றி ஊற்றினேன். ஒன்பது மணிக்குள் அதுவும் போய்விட்டது. பவளங்கள் மட்டும் சுருங்கிக் கிடந்தன. நாலு நாளில் அவையும் சளிபோலக் கரைந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்குப் பழைய படம் ஒன்றை எடுத்து அனுப்பினேன். உப்பு சரியாக இருக்கிறது, சூடு இருபத்தெட்டு என்று எழுதினேன். "புகைக்கு அப்புறம் நல்லா இருக்கா?" "நல்லா இருக்கும்மா."

ஆலையில் எந்திரத்தைப் பார்க்காமலே அளவு எழுதுவது வேலையை விட்டுத் தூக்கும் குற்றம். அப்படி எழுதிய ஒருவனை நானே மேலதிகாரியிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் வேலை போனபோது, சரிதான், வேணும் என்று சொன்னவன் நான். இப்போது வாராவாரம் செத்த தொட்டிக்கு அளவு எழுதினேன். ஒரே படத்தை இரண்டு தடவை அனுப்பிவிடக் கூடாது, கண்ணாடியில் தெரியும் என் சட்டை போன வாரச் சட்டையாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் மூளை நன்றாக வேலை செய்தது. சந்தேகம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். கேட்டால் அவள் அக்கறையாகப் பதில் எழுதுவாள், அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

உயிர்ப்பிக்கவும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக டெசாருவுக்குத் தனியாகப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று தோம்பு தோம்பாக மொண்டு வந்தேன். தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். கடையிலிருந்து இரண்டு மீன் வாங்கி விட்டேன். மறுநாளே மிதந்தன. மருந்து பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது போலிருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி இரண்டு. அவை இரண்டு நாள் இருந்தன. கடைக்காரர், "அங்கிள், மீன சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

அவள் அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போன சமயம் அவளிடமிருந்து, நான் எதுவும் அனுப்பாத ஒரு புதன்கிழமையில், செய்தி வந்தது. "அம்மா திதிக்கு வரேன். சனிக்கெழம வந்து ரெண்டு நாள் இருப்பேன். பவளம் எவ்ளோ வளந்திருக்குன்னு பாக்கணும்."

இரண்டு நாள்! அவள் அறையைக் கழுவினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அவளுக்குப் பிடித்த நெத்திலி வாங்கி வைத்தேன். உண்மையை எழுத ஒவ்வொரு நாளும் கைப்பேசியை எடுத்தேன். எழுதினால் அவள் வரமாட்டாள். வந்தால் பார்த்துவிடுவாள். என்ன செய்தாலும் போச்சு என்று தெரிந்தபின் மனிதன் செய்வதைத்தான் நானும் செய்தேன், இன்னொரு பொய் தயார் செய்தேன்.

சனிக்கிழமை நண்பகல் வந்தாள். இளைத்திருந்தாள், அம்மாவின் முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. பையை வைத்துவிட்டு நேராகத் தொட்டியிடம் போனாள். நான் பின்னாலேயே போய், "நேத்துதாம்மா என்னமோ ஆயிருச்சி, என்னன்னே தெரியல, எல்லாம் ஒரே ராத்திரியில..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு பாறையைத் தூக்கினாள். எலும்புபோல வெளுத்து, மேலே பழுப்புப் பாசி படர்ந்திருந்தது. மோந்து பார்த்தாள். மெதுவாக அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"எத்தன மாசம்பா?"

"நாலு" என்றேன். "புகை அடிச்ச அன்னிக்கி."

"பம்ப ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்க."

"பண்ணலம்மா. ஃபோனு பெட்டிக்குள்ள இருந்திச்சி. ஏழு மணிக்கு மேலதான் பார்த்தேன். மறுபடியும் அதேதான்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா நீ பேசறத விட்ருவன்னு பயந்துட்டேன்."

அவள் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அன்னிக்கி நீங்க எடுக்கலன்னதும் வேலையில சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்பா" என்றாள். "தண்ணியில வெசத்த உறிஞ்சற கரி ரெண்டு பை வாங்கிக்கிட்டேன். பாலத்துக்கிட்ட உட்லண்ட்ஸ் இமிகிரேஷன்ல லைன்ல நின்னேன். எனக்கு முன்னால பத்து பேருதான். ஒரு வாரம் லீவு சொல்லியிருந்தேன், வீட்டுல உங்களோட இருக்கலாம்னு. அப்பத்தான் உங்க மெசேஜ் வந்திச்சி, ஆஃப் பண்ணிட்டேன், கவலப்படாதன்னு. சரி, அப்பா பாத்துக்கிட்டாருன்னு திரும்பிப் போயிட்டேன்."

அவள் கையிலிருந்து சொட்டிய ஈரத்தைத் துடைக்கத் துணி எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை திதி கொடுத்தோம். இலை போட்டோம். எனக்கு அவளே பரிமாறினாள். முந்தின ராத்திரி நான் பொரித்து வைத்த நெத்திலியை அவள் தொடவே இல்லை. திங்கட்கிழமை வரை இருப்பதாகச் சொன்னவள் ஞாயிறு மத்தியானமே பையை எடுத்தாள். போவதற்கு முன் குனிந்து பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். அந்த உறுமல் நின்றதும் கூடம் வேறு யாருடைய வீடோ போல ஆகிவிட்டது. "வரேம்பா" என்றாள். பஸ் நிறுத்தம் வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம், கார் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

அது நடந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. காலை பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதிப் பார்க்கிறேன், அழித்துவிடுகிறேன். நான் எழுதினால் அவள் நம்புவாள் என்பது ஒரு காலம். அன்று பஸ்ஸில் அந்த இரண்டு வரியை எழுதாமல் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும், என் பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பாள்.